வவுச்சர் இல்லாத பதிவு

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை டீ, போண்டாவோடு ஒரு பேச்சு என்று சங்கம் ஆரம்பித்த பிறகு சர்க்கரை நோய், உயில் எழுதுவது, மாடித் தோட்டம் எல்லாம் கேட்டுவிட்டோம். இந்த முறை என்னைக் கூப்பிட்டபோது, நான் டெபாசிட் வட்டி பற்றிப் பேசுவேன் என்று செயலாளர் நினைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு வேறு. சாஃப்ட்வேர் கம்பெனிகள் தாங்கள் எழுதும் ப்ரோகிராம்களுக்கு எப்படிக் கணக்கு வைத்துக்கொள்கின்றன என்பதுதான் அது. அவர்கள் இதை 'வெர்ஷன் கன்ட்ரோல்' என்கிறார்கள்.

நான் பி.காம். 37 வருடம் வங்கிக் குமாஸ்தா. ஒரு வரி ப்ரோகிராம் எழுதியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறீர்கள். எங்கேயாவது பிசகினால் திருத்துங்கள். மற்ற பாதிப் பேருக்காகத்தான் பேசுகிறேன். ஏன் இந்தத் தலைப்பு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

என் மகள் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் அறையிலிருந்து குரல் வரும். "கமிட் பண்ணிட்டீங்களா? அந்த பிராஞ்சை எப்போ மெர்ஜ் பண்றீங்க?" 2020 ஏப்ரலில் பத்து அரசு வங்கிகளை நான்காக இணைத்ததைப் பார்த்தவன் நான். ஆவலாக, "எந்த பிராஞ்சும்மா?" என்று கேட்டுவிட்டேன். "அப்பா, இது உங்க பேங்க் பிராஞ்ச் இல்லப்பா" என்று சிரித்தாள். அடுத்து 'ரெப்போ' என்றாள். எனக்குத் தெரிந்த ரெப்போ, ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி. அதுவும் இல்லையாம். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளை உட்கார வைத்துக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, இது நான் பழகிய சமாச்சாரமாகவே இருந்தது.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். ப்ரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு வரி வரியாக எழுதிய கட்டளைகள். ஒரே ஆள் எழுதினால் தொல்லை இல்லை. நூறு பேர், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுதினால்? கூகுள் கம்பெனிப் பொறியாளர்கள் 2016-இல் எழுதிய ஒரு கட்டுரையில் தங்கள் கணக்கைச் சொல்லியிருக்கிறார்கள். 2015 ஜனவரி நிலவரப்படி அவர்களுடைய பொதுக் களஞ்சியத்தில் சுமார் 100 கோடி ஃபைல்கள், அவற்றில் சுமார் 200 கோடி ப்ரோகிராம் வரிகள். கை வைப்பவர்கள் சுமார் 25,000 பேர். அதுவரை பதிவான மாற்றங்கள் சுமார் மூன்றரைக் கோடி. இந்த மாதிரிக் களஞ்சியத்துக்குத்தான் ரெப்போ என்று பெயர்.

நம் சங்கத்தில் நான்கு பேர் ஒரே எக்ஸெல் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டாலே என்ன ஆகிறது? 'வரவுசெலவு இறுதி', 'இறுதி 2', 'இறுதி திருத்தியது', 'இதுதான் இறுதி'. எது இறுதி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அங்கே 25,000 பேர் குழம்பாமல் எழுதுகிறார்கள் என்றால், அதற்கு ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கைப் புரிந்துகொள்ள, 1982-இல் நான் வேலைக்குச் சேர்ந்த கிளைக்கு வாருங்கள். கம்ப்யூட்டர் கிடையாது. தலையணை கனத்தில் லெட்ஜர்கள். முதல் நாளே தலைமைக் குமாஸ்தா சொன்னார்: "தம்பி, ரப்பரும் பிளேடும் இந்த மேஜைப் பக்கம் வரக்கூடாது." எண் தப்பாகிவிட்டால் சுரண்டக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். ஆபீசரும் போடுவார். நேற்றைய பதிவு தப்பு என்று இன்று தெரிந்தால் நேற்றைய பக்கத்தைத் தொடவே கூடாது. இன்றைய தேதியில், இன்றைய வவுச்சரோடு, எதிர்ப்பதிவு போட வேண்டும்.

வெர்ஷன் கன்ட்ரோலும் இதையேதான் செய்கிறது. ஒருவர் ப்ரோகிராமில் மாற்றம் செய்து முடித்ததும் அதைப் பதிவு செய்கிறார். அதுதான் 'கமிட்'. அதில் நான்கு விஷயம் ஏறிவிடும். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக. நம் வவுச்சரேதான். 'எதற்காக' என்பதை அந்த சிஸ்டம் தானாக எழுதிவிடாது. மாற்றம் செய்தவர்தான் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் அந்த இடத்தில் 'சில மாற்றங்கள்' என்று எழுதினானாம். என் மகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். காமர்ஸ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஜர்னல் பதிவுக்குக் கீழே விளக்கம் எழுதாவிட்டால் மார்க் போய்விடும். அதே நியாயம்.

ஒரு மாற்றம் தவறு என்று பிறகு தெரிந்தால் அதை மறைப்பதில்லை. அதற்கு நேர் எதிரான மாற்றத்தைப் புதிய பதிவாகப் போடுகிறார்கள். 'ரிவர்ட்' என்று பெயர். நம் எதிர்ப்பதிவு.

அடுத்து, பிராஞ்ச். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமில் யாரும் நேரடியாகக் கை வைப்பதில்லை. அந்தப் பாதையிலிருந்து ஒரு கிளை பிரித்துக்கொண்டு, அதில் வேலை செய்கிறார்கள். முடிந்ததும், "என் கிளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கோரிக்கை. 'புல் ரிக்வெஸ்ட்' என்கிறார்கள். இன்னொருவர் வரி வரியாகப் பார்த்துக் கேள்வி கேட்பார். கூடவே கம்ப்யூட்டரும் தானாகச் சில சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். இரண்டும் சரி என்றால்தான் தலைமைப் பாதையில் சேரும். அதுதான் மெர்ஜ். பல கம்பெனிகளில், எழுதியவரே தன் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுக்க முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். வங்கியில் எழுதுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் இன்னொருவர். எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும் தன் வவுச்சரைத் தானே பாஸ் செய்ய முடியாது.

இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு விதமாக மாற்றியிருந்தால்? சிஸ்டம் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. "இந்த இடத்தில் மோதல் இருக்கிறது, நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று இரண்டையும் காட்டி நின்றுவிடும். எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது. வாட்ஸ்அப்பில் கடைசியாக அனுப்பியவர் ஃபைல்தான் ஜெயிக்கும். மற்றவர் செய்த வேலை சத்தமில்லாமல் போய்விடும்.

தப்பைத் தேடும் விதமும் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. லெட்ஜர் பேலன்சிங்கில் வித்தியாசம் வந்தால் நாங்கள் முதல் பக்கத்திலிருந்து தேட மாட்டோம். பாதியில் நிறுத்திக் கூட்டிப் பார்ப்போம். அதுவரை சரி என்றால் தப்பு மறு பாதியில். பிறகு அதில் பாதி. இவர்களும் அப்படியே. ஆயிரம் மாற்றங்களில் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கப் பத்துச் சோதனை போதும். இதற்கென்றே 'பைசெக்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது.

ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டவும் ஒரு கட்டளை. அதன் பெயர் 'பிளேம்', அதாவது பழி. "என்னம்மா இப்படிப் பெயர்?" என்றேன். "பேர்தான் அப்படிப்பா. யாரைத் திட்டறதுன்னு பாக்க இல்ல. யார்கிட்ட கேட்டா விஷயம் தெரியும்னு பாக்கறதுக்கு" என்றாள்.

இந்த வழக்கம் ஒரே நாளில் வரவில்லை. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் இப்படிப்பட்ட முதல் சிஸ்டம்களில் ஒன்றை எழுதினார். அந்தக் கால சிஸ்டம்களில் ஒருவர் ஃபைலை எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரே லெட்ஜருக்கு மூன்று கவுண்டர்கள் காத்திருந்த மாதிரி. பிறகு வந்த 'சி.வி.எஸ்.' போன்றவற்றில் பலர் ஒரே நேரத்தில் எழுத முடிந்தது. ஆனால் கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான சம்பவம். லினக்ஸ் என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் ஆண்ட்ராய்டு போன்களுக்குள் அடிப்படையாக இருப்பது அதுதான். ஃபின்லாந்துக்காரரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஆரம்பித்தது. உலகம் முழுவதிலுமிருந்து பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். 2002 முதல் அவர்கள் தலைமைக் கணக்கை 'பிட்கீப்பர்' என்ற சிஸ்டத்தில் வைத்திருந்தார்கள். அதை விரும்பாதவர்களுக்காக சி.வி.எஸ்.-இல் ஒரு நகலும் தானாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. நகலில் உள்ள ஒவ்வொரு மாற்றத்துக்கும் தலைமைக் கணக்கில் ஒப்புதல் பதிவு இருக்க வேண்டும்.

2003 நவம்பரில், பிட்கீப்பர் கம்பெனியை நடத்திய லாரி மெக்வாய், நகலில் ஒரு மாற்றம் ஒப்புதல் பதிவு இல்லாமல் இருப்பதைக் கவனித்தார். இரண்டே வரிதான். பார்த்தால் சாதாரணச் சோதனை வரி போல இருந்தது. அந்த ப்ரோகிராம் மொழியில், 'இது அதற்குச் சமமா?' என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டும். ஒரே ஒரு சமக்குறி போட்டால் 'இதை அதுவாக்கு' என்று கட்டளையாகிவிடும். அந்த வரியில் ஒரு சமக்குறிதான் இருந்தது. "இவர் தலைமை நிர்வாகியா?" என்று கேட்பது போல் தோன்றும் வரி, உண்மையில் "இவரைத் தலைமை நிர்வாகி ஆக்கு" என்றது. தந்திரம் தெரிந்தவருக்கு மொத்தக் கம்ப்யூட்டரும் திறந்துவிடும். நகல் இருந்த கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து சேர்த்த வேலை. தலைமைக் கணக்குக்குள் அது போகவே இல்லை.

இதைப் பிடித்ததில் கெட்டிக்காரத்தனத்தைவிட ஒழுங்குக்குத்தான் பங்கு அதிகம். அந்த வரி என்ன செய்யும் என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே, அதற்கு வவுச்சர் இல்லை என்பது தெரிந்துவிட்டது. என் மகளுக்கு இது பழைய கதை. எனக்கு இதைக் கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. எந்த ஆடிட்டரும் முதலில் கேட்பது அதைத்தானே?

2005-இல் பிட்கீப்பர் கம்பெனி, லினக்ஸ்காரர்களுக்குக் கொடுத்திருந்த இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது. டோர்வால்ட்ஸ் தானே ஒரு சிஸ்டம் எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 3-இல் ஆரம்பித்தார். ஏப்ரல் 7-இல் அந்தப் புது சிஸ்டம் தன்னுடைய வரிகளையே பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டது. அதுதான் 'கிட்'. ஜூன் மாதம் லினக்ஸின் அடுத்த வெளியீடே அதன் மூலம் வந்தது. அடுத்த மாதம் பராமரிப்பு ஜூனியோ ஹமானோ என்பவர் கைக்குப் போனது. இன்று சாஃப்ட்வேர் உலகில் மிகப் பரவலாகப் புழங்குவது கிட். அதை வைத்து 2008-இல் தொடங்கிய கிட்ஹப் என்ற இணையதளத்தை, 2018-இல் 750 கோடி டாலர் பங்கு மதிப்பில் மைக்ரோசாஃப்ட் வாங்கியது.

கிட்டில் இரண்டு ஏற்பாடு முக்கியம். ஒன்று, வேலை செய்கிற ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் பொதுவாக முழு வரலாறும் இருக்கும். இரண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த 40 இடக் குறி ஒன்று உண்டு. அந்தப் பதிவின் உள்ளடக்கம், பெயர், தேதி, முந்தைய பதிவின் குறி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. லெட்ஜரில் ஒவ்வொரு பக்கத் தலையிலும் முன்பக்கத் தொகையைக் கொண்டுவந்து எழுதுவோமே, அந்த மாதிரி. 12-ஆம் பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால் அதற்குப் பிறகு எல்லாப் பக்கத்தின் தொகையும் உதைக்கும். ஒருவர் தன் கம்ப்யூட்டரில் பழைய பதிவை மாற்றிவிடலாம்தான். ஆனால் மற்றவர்கள் பிரதியோடு ஒத்துப்போகாது.

இதற்கு எல்லையும் உண்டு. எழுதியது உண்மையா என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. தப்பான தொகையைப் போட்டால் அதையும் விசுவாசமாகக் காப்பாற்றி வைக்கும். அதனால்தான் இரண்டாவது ஆள் வேண்டும். இன்னொன்று, பாஸ்வேர்டு போன்ற ரகசியத்தைத் தெரியாமல் பதிவு செய்துவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய பதிவில் நிற்கும். பாஸ்வேர்டையே மாற்றுவதுதான் வழி.

இப்போது என் பாக்கிக்கு வருகிறேன்.

இரண்டு வருடம் முன்பு நம் பொதுக்குழு உங்களுக்கு நினைவிருக்கும். நான் அப்போது பொருளாளர். அச்சடித்துக் கொடுத்த கணக்கில் லிஃப்ட் பழுதுபார்ப்புச் செலவு 1,48,000 ரூபாய். திரையில் காட்டிய கணக்கில் 1,84,000. "36,000 எங்கே போச்சு?" என்று ஒருவர் எழுந்தார். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எண் இடம் மாறியிருக்கலாம் என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். பில், பாஸ்புக் எல்லாவற்றிலும் 1,48,000தான். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. அதை எடுத்துக் காட்டினோம். ஆனால், "யார் மாத்தினது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஃபைல் நான்கு பேரிடம் போய்வந்தது. கடைசியாகத் தயாரித்தவர் அப்போதைய இணைச் செயலாளர். நான் எழுந்து, "என்கிட்டேர்ந்து போனப்போ சரியாத்தான் இருந்தது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. அவர் மறுவாரம் ராஜினாமா செய்தார். எங்கள் காலை நடையும் நின்றுபோனது.

போன மாதம் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போடுவதற்கு முன் மெயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஃபைல், பொதுக்குழுவுக்கு இரண்டு நாள் முன்பு, இரவு 11:40-க்கு நான் அனுப்பியது. திறந்து பார்த்தால் 1,84,000. விரல் என்னுடையது. இதை அன்றைக்கே தேடிப் பார்த்திருக்கலாம். தேடவில்லை. 37 வருடம் பேலன்ஸ் தப்பாத ஆள் என்ற நினைப்பு.

அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிஷம் சிரிச்சிட்டுப் போயிருப்போம் சார்" என்றார். அவர் சம்மதத்தோடுதான் இதை உங்கள் முன் சொல்கிறேன். சந்தேகம் உங்கள் எல்லோர் முன்பும் விழுந்தது. அதை எடுப்பதும் உங்கள் முன்தான் இருக்க வேண்டும்.

பதிவு ஒழுங்காக இருந்தால் தப்பு நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. தப்பு நடக்கும். ஆனால் தப்பு யாருடையது என்று உடனே தெரிந்தால் அது வெறும் தப்பாகவே முடிந்துவிடும். தெரியாதபோதுதான் அது நான்கு பேர் மேல் சந்தேகமாக உட்கார்ந்துகொள்கிறது.

நமக்கு கிட் வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றிலேயே 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டும். செயலாளரிடம் ஐந்து யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று, சங்கக் கணக்கு ஒரே இடத்தில், ஒரே ஃபைலாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்ற வேண்டாம். ஒருவர் லாகினை இன்னொருவர் பயன்படுத்தவும் வேண்டாம்.

இரண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் வவுச்சர் எண்ணோடு ஒரு வரிக் காரணம்.

மூன்று, எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். பொருளாளராக யார் இருந்தாலும் சரி.

நான்கு, பொதுக்குழு ஏற்றுக்கொண்ட பிரதியைப் பூட்டிவிட்டு, தனியாக ஒரு நகலும் எடுத்து வைக்க வேண்டும். பிறகு திருத்தம் வந்தால் புதுப் பதிவாகத்தான் வர வேண்டும்.

ஐந்து, எல்லா வீட்டாரும் பார்க்கலாம், மாற்ற முடியாது என்ற அனுமதியோடு அதைத் திறந்துவிட வேண்டும். யாருடைய போன் நம்பரும் அதில் ஏற வேண்டாம்.

அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள். சரிபார்க்கும் வேலைக்கு இரண்டு பேர் தேவை. கம்ப்யூட்டர் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. பில்லையும் எண்ணையும் பொறுமையாக ஒப்பிடத் தெரிந்தால் போதும். பெயரைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.

போண்டா ஆறுவதற்குள் முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.